பண்ணைக் குட்டையில் பாசியைக் கட்டுப்படுத்தும் மீன்கள்

பாசனத்திற்கும் மீன் வளர்ப்பிற்கும் வெட்டப்படும் பண்ணைக் குட்டைகளில் வெயில் ஏற ஏறப் பாசி மிகுவது வழக்கம். பாசி அளவுக்கு மேல் போனால் மோட்டாரின் ஃபுட் வால்வும் சொட்டுநீர்க் குழாய்களும் அடைபடும். பகலில் உயிர்க்காற்றைத் தரும் பாசி இரவில் தானே அதை எடுத்துக்கொள்ளும். இதனால் மேகமூட்டமான நாட்களுக்குப் பின் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுத் திணறும். கவனிக்காவிட்டால் ஓர் இரவிலேயே எல்லா மீன்களும் இறந்துவிடக்கூடும்.

'பாசி தின்னும் மீன் நான்கு விட்டால் சரியாகிவிடும்' என்று எண்ணி, கிடைத்த மீனை வாங்கிக் குட்டையில் விடுவோர் உண்டு. எல்லாப் பாசியையும் தின்னும் மீன் என்று ஒன்று கிடையாது. ஆகவே மீன் வாங்குமுன் மூன்று செய்திகளை விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டும். குட்டையில் உள்ளது எந்தப் பாசி? அதை அந்த மீன் தின்னுமா? தின்று வளர்ந்த மீன் விலை போகுமா, அல்லது குட்டையிலேயே பெருகித் தொல்லையாகுமா?

பாசியின் வகைகள்

கிராமங்களில் நீரில் பச்சையாக இருப்பதையெல்லாம் பாசி என்றே சொல்வது வழக்கம். இவற்றை நான்காகப் பிரிக்கலாம். தண்ணீர் முழுவதும் பச்சை நிறமாக இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. பஞ்சு போலவும் தலைமயிர் போலவும் திரண்டு, கையில் எடுத்தால் வழுக்குவது நூல்பாசி. காற்றடிக்கும் பக்கம் பெயிண்ட் கொட்டியது போல ஏடாக ஒதுங்கி நாற்றம் வீசுவது நீலப்பச்சைப் பாசி. தண்டும் இலையும் கொண்டு நீருக்கடியில் வளரும் வேலம்பாசி உண்மையில் பாசியே அன்று. அது ஒரு நீர்ச்செடி.

எதற்கு எந்த மீன்?

பச்சை நீருக்கு ஏற்றது வெள்ளிக்கெண்டை. இதன் செவுள்களில் உள்ள சல்லடை போன்ற அமைப்பு நீரை வடிகட்டி நுண்பாசியைப் பிரித்தெடுக்கும். கட்லாவும் மேல்மட்ட மீன்தான். ஆனால் அது பெரும்பாலும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளைத் தின்னும். அப்பூச்சிகளே நுண்பாசியைத் தின்பவை ஆதலால், கட்லாவை மட்டும் மிகுதியாக விட்டால் பச்சை கூடுமேயன்றிக் குறையாது.

வேலம்பாசிக்குப் புல்கெண்டையே சிறந்தது. இது நாள்தோறும் தன் எடைக்குச் சமமான அளவு பசுந்தழையைத் தின்ன வல்லது. ஆனால் தின்றதில் ஏறத்தாழப் பாதி செரிக்காமல் வெளியேறி நீருக்கு எருவாகும். எனவே புல்கெண்டையை மட்டும் விட்டால் செடி ஒழிந்து பச்சை நீர் வந்து சேரும். அதனுடன் வெள்ளிக்கெண்டையும் இருத்தல் அவசியம்.

கல், குச்சி, கரையோரம் ஆகியவற்றில் படியும் பாசியை ரோகு மேயும். நூல்பாசியை முற்றிலும் தின்று தீர்க்கும் மீன் எதுவும் இவற்றில் இல்லை. முள்கிளை அல்லது வாரியால் அதைச் சுருட்டி எடுத்து எருக்குழியில் இடுவதே சிறந்தது.

நீலப்பச்சைப் பாசியை மீனிடம் ஒப்படைத்துவிட்டு இருக்கக் கூடாது. அதில் ஒரு பகுதி வெள்ளிக்கெண்டையின் குடல் வழியே உயிருடனேயே வெளிவரும். சில வகைகள் நஞ்சுள்ளவை. ஏடு படிந்த நீரைக் கால்நடைகளுக்குக் காட்டக் கூடாது. சாணம், உரம் இடுவதை உடனே நிறுத்திப் புதுநீர் விட வேண்டும்.

விடக் கூடாத மீன்

கண்ணாடித் தொட்டி மீன் விற்கும் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் ஒரு மீன் கிடைக்கிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் குஞ்சாக இருக்கையில் தொட்டிச் சுவரில் ஒட்டிய பாசியைச் சுரண்டித் தின்னும். இதைக் கண்டு குட்டைக்கும் உதவும் என எண்ணுவது பெருந்தவறு. இது ஓரடிக்கு மேல் வளரும். உடல் முழுவதும் எலும்புக் கவசமும், துடுப்புகளில் முள்ளும் உண்டு, வலையைக் கிழித்துவிடும். கரையைக் குடைந்து முட்டையிடும். கெட்ட நீரிலும் காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். சந்தையில் விலை போவதில்லை. கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் ஆந்திராவின் மீன் குளங்களிலும் தமிழகத்து நீர்நிலைகள் சிலவற்றிலும் இது பரவியுள்ளது. வலையில் அகப்பட்டால் திரும்ப நீரில் விடாமல் கரையில் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் வளர்ப்போரும் இதைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடலாகாது.

1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் பாசி தின்னும். ஆனால் தேங்கிய நீரிலேயே அடிக்கடி குஞ்சு பொரித்துப் பெருகுவதால் எல்லாம் சிறுத்துப் போகும். மற்ற மீன்களின் இரையும் குறையும். புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, ரோகு ஆகியவை குட்டை நீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. விட்ட எண்ணிக்கைக்கு மேல் அவை கூடாது என்பது ஒரு வசதி. ஆனால் இமாசலப் பிரதேசத்தின் கோவிந்த் சாகர் நீர்த்தேக்கத்தில் 1971-இல் தற்செயலாகப் புகுந்த வெள்ளிக்கெண்டை அங்கே பெருகி, கட்லாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆதலால் குட்டையின் வடிகாலில் நெருக்கமான வலை கட்டுவது கட்டாயம்.

இருப்பு அளவு

ஆண்டில் எட்டு மாதமாவது நான்கு அடிக்குக் குறையாமல் நீர் நிற்கும் 10 சென்ட் குட்டைக்கு, விரலளவு வளர்ந்த 200 குஞ்சுகள் போதும். வெள்ளிக்கெண்டை 40, கட்லா 20, ரோகு 40, புல்கெண்டை 20, மிர்கால் 40, சாதாக்கெண்டை 40 என விடலாம். வேலம்பாசி இல்லாத குட்டையில் புல்கெண்டைக்குத் தீவனப்புல் வெட்டிப் போட வேண்டும். வெள்ளிக்கெண்டை விரைவில் கெடக்கூடியது. பிடித்த அன்றே விற்றுவிடுவது நல்லது.

கையே அளவுகோல்

பாசி அளவோடு இருந்தால் அது மீனுக்கு உணவு; முற்றிலும் ஒழிக்கத் தேவையில்லை. வெயில் நேரத்தில் கையை நேராக நீரில் விட்டுப் பார்க்கவும். முழங்கை நனையும்போது உள்ளங்கை மறைந்தால் பாசி போதிய அளவு உள்ளது. மணிக்கட்டு நனைவதற்குள் மறைந்தால் மிகுதி. அப்போது எருவும் தீவனமும் நிறுத்தி, குட்டை நீரில் ஒரு பகுதியைத் தென்னைக்கோ காய்கறிக்கோ பாய்ச்சிவிட்டுப் புதுநீர் நிரப்பலாம். பாசியில் சேர்ந்த உரச்சத்து பயிருக்குப் போய்ச் சேரும்.

மயில்துத்தம் தூவிப் பாசியை ஒரேயடியாகக் கொல்வது ஆபத்தானது. மடிந்த பாசி அழுகும்போது உயிர்க்காற்று தீர்ந்து, காப்பாற்ற நினைத்த மீன்களே இறந்துபோகும்.