மாஸ்டாவின் சுழல் எஞ்சின்

ஹிரோஷிமா என்னும் பெயரைச் செவியுற்ற மாத்திரத்தில் நம் நெஞ்சில் எழுவது 1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாளின் கொடுமையே. ஆயின் அந்நகரின் கிழக்கே, பூச்சூ என்னும் சிற்றூரில், நூறாண்டுகளைக் கடந்த நிறுவனம் ஒன்றின் மோட்டார்த் தொழிற்சாலை உண்டு என்பதையும், அந்நாளின் அழிவில் அது சாயாமல் நின்றது என்பதையும் அறிந்தோர் நம்மிடையே சிலரே. 'மாஸ்டா' என்னும் பெயர் தாங்கிய கார்கள் அங்கிருந்தே உலகெங்கும் செல்கின்றன. நம் நாட்டிலும் அப்பெயர் முற்றிலும் புதியதன்று. பஞ்சாபில் 1980களில் அந்நிறுவனத்தின் கூட்டுறவால் எழுந்த 'ஸ்வராஜ் மாஸ்டா' சிறு லாரிகளும் பள்ளி வண்டிகளும் நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலம் ஓடியவையே.

பெயரின் வரலாறு சுவையானது. நிறுவனத்தை வளர்த்தவரின் குடும்பப்பெயர் மட்சுடா. பண்டைப் பாரசீகர் வணங்கிய, இன்றும் பம்பாய்ப் பார்சிகள் வணங்கி வரும், அஹுரா மாஸ்டா எனும் ஞானத் தெய்வத்தின் பெயர் அதனோடு ஒலியில் ஒத்திருக்கக் கண்டு, இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டனர். ஜப்பானியர் இன்றும் அதனை 'மட்சுடா' என்றே உச்சரிக்கின்றனர்.

உலகின் பெரிய கம்பெனிகள் பலவும் ஒருகாலத்தில் விரும்பித் தொட்டுப் பின்னர் கைவிட்ட ஒரு விந்தையான எஞ்சினை, இந்நிறுவனம் மட்டும் விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிடிவாதத்திற்கு விலை கொடுத்தோர் யாவர்? அக்கார்களை வாங்கி ஓட்டியோர் அதனைப் பற்றி என்ன சொல்கின்றனர்? இவ்விரண்டையும் நாம் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

தக்கையிலிருந்து தொடங்கிய தொழில்

ஜூஜிரோ மட்சுடா 1875ஆம் ஆண்டு ஹிரோஷிமாவை அடுத்த கடற்கரையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். பதினான்காம் வயதில் ஓசாகா சென்று கொல்லுத்தொழில் பயின்றார். 1920இல் ஹிரோஷிமாவில் மரப்பட்டையிலிருந்து தக்கை செய்யும் கம்பெனி ஒன்று தோன்றியது. மறு ஆண்டே அதன் தலைமை இவரிடம் வந்தது. புட்டிக்கு மூடியாகும் தக்கையை மட்டும் நம்பிப் பிழைக்க இயலாது என்று கண்ட அவர் இயந்திரத் தொழிலுக்குத் திரும்பினார். 1927இல் பெயரிலிருந்த 'தக்கை' என்னும் சொல் நீங்கி, நிறுவனம் 'டோயோ கோகியோ' ஆயிற்று. 1931இல் 'மாஸ்டா' எனும் பெயருடன் முதல் முச்சக்கரச் சுமைவண்டி வெளிவந்தது. முன்னே மோட்டார் சைக்கிளின் கைப்பிடியும் பின்னே சுமைப்பெட்டியும் கொண்ட எளிய வண்டி அது. சிறு வணிகர்க்கு அது பெரிதும் உதவிற்று. போர்க்காலத்தில் இதே தொழிற்சாலை படைக்குத் துப்பாக்கிகளும் செய்தது. வரலாற்றில் இதனை மறைத்தல் நேர்மையன்று.

அணுகுண்டு விழுந்த அந்நாள் ஜூஜிரோவின் எழுபதாம் பிறந்தநாள். அவர் உயிர் பிழைத்தார். தொழிற்சாலை குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், இடையே ஹிஜியாமா என்னும் குன்றின் மறைவில் இருந்தமையால் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின. எனினும் நகருக்குள் சென்றிருந்த பணியாளர் பலர் மாண்டனர். அலுவலகம் இழந்த ஹிரோஷிமா மாநில அரசு அதன்பின் பல மாதங்கள் இத்தொழிற்சாலைக் கட்டடத்தில் இருந்தே இயங்கியது. ஒரு மோட்டார்க் கம்பெனி தன் ஊரின் அரசுக்கே கூரையாக அமைந்த நிகழ்ச்சி உலகில் வேறெங்கும் நடந்ததாக நாம் கேள்வியுற்றதில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே முச்சக்கர வண்டிகள் சில மீண்டும் வெளிவந்தன. இடிபாடுகளை அகற்றவும் வீடு கட்டும் பொருள்களைச் சுமக்கவும் வண்டி வேண்டியிருந்த காலம் அது.

பேயின் நகக்கீறல்

1960இல் சின்னஞ்சிறு 'ஆர் 360' காருடன் நிறுவனம் பயணிகள் கார்த்துறையில் நுழைந்தது. ஆனால் அதே வேளையில் ஜப்பானிய அரசு, நாட்டிலுள்ள கார்க் கம்பெனிகள் மிகுதி, அவற்றை ஒருசிலவாக இணைத்தல் நலம் என்று எண்ணத் தலைப்பட்டது. ஹிரோஷிமாக் கம்பெனி சிறியது. பெரியவற்றுள் ஒன்று விழுங்கிவிடும் என்னும் அச்சம் ஜூஜிரோவின் மகன் ட்சுனேஜி மட்சுடாவைப் பற்றியது. பிறரிடம் இல்லாத ஒரு நுட்பம் நம்மிடம் இருந்தாலன்றித் தனித்து வாழ இயலாது என்று அவர் துணிந்தார். ஜெர்மனியில் பெலிக்ஸ் வாங்கல் என்பார் வகுத்த சுழல் எஞ்சினை என்.எஸ்.யூ. கம்பெனி உருவாக்கி வருவதைக் கேள்வியுற்று, 1961இல் அதன் உரிமத்தைப் பெற்றார்.

இந்த எஞ்சினை வாசகர்க்குச் சற்று விளக்குதல் வேண்டும். வழக்கமான எஞ்சினில் பிஸ்டன், தையல் இயந்திரத்து ஊசியைப் போல் மேலும் கீழும் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் நின்று திரும்புகிறது. சுழல் எஞ்சினில் பிஸ்டனே இல்லை. இடை சற்றே ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழன்றுகொண்டே இருக்கிறது. காற்றும் பெட்ரோலும் புகுவதும், அழுந்துவதும், எரிவதும், புகை வெளியேறுவதும் அம்முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் அடுத்தடுத்து நிகழ்கின்றன. உறுப்புகள் குறைவு, எடை குறைவு, அதிர்வோ மிக மிகக் குறைவு. கேட்கும்போதே ஆசை பிறக்கிறதல்லவா?

இடர் முழுவதும் அம்முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருந்தது. காற்று கசியாதிருக்க ஒவ்வொரு முனையிலும் ஓர் அடைப்புத் தகடு அறைச்சுவரை உராய்ந்து செல்ல வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த எஞ்சின் சில நூறு மணி நேரம் ஓடுமுன், அத்தகடுகள் நடுங்கிச் சுவரில் வரிவரியாகக் கீறல்கள் இட்டன. ஹிரோஷிமாப் பொறியாளர் அவற்றிற்கு இட்ட பெயர் 'பேயின் நகக்கீறல்' என்பது. கெனிச்சி யமமோட்டோ என்பவரின் தலைமையில் 47 பேர் இப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். தலைவனுக்காக உயிர் துறந்த நாற்பத்தேழு வீரரின் பழங்கதை ஜப்பானில் குழந்தைகளும் அறிந்தது; ஆதலின் இவர்களையும் மக்கள் அப்பெயராலேயே அழைத்தனர். மாட்டெலும்பு, குதிரையெலும்பு ஈறாக எதையெல்லாமோ தகடாக்கிப் பார்த்தனர் என்பர். முடிவில், கரியுடன் அலுமினியம் ஊட்டிய தகடு கைகொடுத்தது. 1967 மே 30ஆம் நாள் 'காஸ்மோ ஸ்போர்ட்' என்னும் அழகிய கார் விற்பனைக்கு வந்தது. மொத்தம் செய்யப்பட்டவை 1,176 மட்டுமே. மறு ஆண்டு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரம் ஓடிய பந்தயத்தில் ஒரு காஸ்மோ நான்காம் இடம் பெற்றது.

அதே 1967இல் என்.எஸ்.யூ. கம்பெனியும் 'ஆர்.ஓ. 80' எனும் சுழல் எஞ்சின் காரை வெளியிட்டது. தகடுகள் தேய்ந்தன. எஞ்சின்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தே கம்பெனி நலிந்து, 1969இல் தன் தனிவாழ்வை இழந்தது. அக்கார் உடையோர் இருவர் எதிரெதிரே சந்தித்தால், கையசைப்பதற்கு மாறாக, இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றினோம் என விரல்களை உயர்த்திக் காட்டுவர் என்றொரு வேடிக்கைப் பேச்சு ஜெர்மனியில் வழங்கிற்று.

விலை கொடுத்தோர்

மாஸ்டா வென்றது என்று நினைத்தோர்க்கு 1973ஆம் ஆண்டு பாடம் புகட்டியது. 1970 முதல் அமெரிக்காவில் சுழல் எஞ்சின் கார்கள் மளமளவென விற்றுவந்தன. அந்த எஞ்சினின் பெருங்குறை பெட்ரோலை விழுங்குவது. எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் வெப்பம் சுவரில் வீணாகிறது. எரிபொருளும் முற்றிலும் எரிவதில்லை. அமெரிக்க அரசின் சோதனையில் நகரப் போக்குவரத்தில் காலனுக்குப் பத்து, பதினோரு மைல் மட்டுமே தேறிற்று. அரபு நாடுகள் எண்ணெயைத் தடுத்த அக்குளிர்காலத்தில் யார்தான் அத்தகைய காரை வாங்குவர்? விற்காத வண்டிகள் துறைமுகங்களில் தேங்கின. கடன் குவிந்தது. சுமிட்டோமோ வங்கி தலையிட்டுத் தன் ஆட்களை உள்ளே அமர்த்தியது. மட்சுடாக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையினரான கோஹே மட்சுடா 1977இல் தலைமைப் பதவியை விட்டு இறங்கினார்.

ஆயினும் தொழிலாளரைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பவில்லை. மாறாக, தறியும் உளியும் அன்றி வேறறியாத ஆலைத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் தொலைநகரங்களுக்கு அனுப்பப்பட்டு, வீடு வீடாகச் சென்று கார் விற்கும்படி பணிக்கப்பட்டனர். குடும்பத்தை ஹிரோஷிமாவில் விட்டு, பழகாத ஊரில் பழகாத தொழில் செய்த அம்மனிதரை நிறுவன வரலாறுகள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. பொறியாளரின் வீரத்தைப் பாடும் அளவிற்கு இவர்களின் பொறுமையை யாரும் பாடவில்லை என்பது நம் கருத்து. 1979இல் அமெரிக்கப் போர்டு கம்பெனி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை வாங்கியது. 1996இல் அது மூன்றில் ஒரு பங்காக உயர்ந்து, போர்டின் ஆளாகிய ஹென்றி வாலஸ் தலைவரானார். ஜப்பானியக் கார்க் கம்பெனி ஒன்றிற்கு அந்நியர் தலைவரானது அதுவே முதன்முறை. போர்டு 2008 முதல் படிப்படியாக விலகி, 2015இல் முற்றிலும் வெளியேறிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் அந்த எஞ்சினை அவர்கள் விட்டார்களா என்றால் இல்லை. 1978இல் 'ஆர்.எக்ஸ்.-7' வந்தது. குடும்பக் காருக்குப் பொருந்தாததை விளையாட்டுக் காருக்கு மட்டும் ஒதுக்கியது அறிவுடைமையே. 1991 ஜூனில் பிரான்சின் லே மான் நகரத்து 24 மணி நேரப் பந்தயத்தில், ஆரஞ்சும் பச்சையும் பூசிய மாஸ்டா முதலாவதாக வந்தது. அப்பந்தயத்தில் ஜப்பானியக் கார் ஒன்று பெற்ற முதல் வெற்றி அது. இறுதிச் சுற்றுகளை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் தாகத்தால் மயங்கி, வெற்றி மேடை ஏறவும் இயலாமற் போனார்.

உடையோர் உரைப்பது

இனி, வாங்கியோர் கூற்றைக் கேட்போம். சுழல் எஞ்சின் கார் உடையோர் ஒருவகைத் தனிக் குலத்தினர். 2003இல் வந்த 'ஆர்.எக்ஸ்.-8' காரைப் பற்றி அவர்கள் குறைகூறத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. பெட்ரோல் தாராளமாகச் செலவாகும். எண்ணெயையும் சிறிது சிறிதாக எரிக்கும், ஆதலின் அடிக்கடி அளவு பார்த்து ஊற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிக் காரைச் சற்றே நகர்த்திவிட்டு உடனே அணைத்தால் பெட்ரோல் உள்ளே தேங்கி மறுமுறை கிளம்ப மறுக்கும். முனைத் தகடு தேய்ந்தால் எஞ்சினையே பிரிக்க நேரும். குறை மிகுந்ததால் அமெரிக்காவில் எஞ்சினுக்கு 8 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வரை உத்தரவாதத்தை நீட்டிக் கொடுத்தனர். இவ்வளவும் சொல்லிவிட்டு, விற்றுவிடுவீரா என்று வினவினால் பலர் மறுத்துவிடுகின்றனர். எஞ்சின் எவ்வளவு வேகம் சுழன்றாலும் பட்டுப்போல் ஓடும் அந்த இனிமை வேறெதிலும் இல்லை என்பது அவர்களின் வாதம்.

1989இல் பிறந்த இருவர் காராகிய 'எம்.எக்ஸ்.-5' வேறு வகை. இதில் சாதாரண பிஸ்டன் எஞ்சினே. குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்னும் ஜப்பானியச் சொல்லாட்சியே இதற்கு இலக்கணமாக வகுக்கப்பட்டது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. இதனை உடையோர் கூறும் பெருங்குறை, கதவுக்குக் கீழும் பின்சக்கரத்து முன்னும் பிடிக்கும் துரு. அடுத்தது, இரு பயணப்பைகளுக்கு மேல் இடமில்லாமை. துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதியது ஒட்டி முப்பது ஆண்டுகள் வைத்திருப்போரும் உண்டு. 2017இல் நிறுவனமே பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் பணியை ஜப்பானில் அறிவித்தது.

குடும்பக் கார்களின் கதை வேறு. குளிர்நாடுகளில் பனி உருக உப்புத் தூவுவர். 2000த்தை ஒட்டிய ஆண்டுகளின் மாஸ்டாக்கள் அந்த உப்பில் விரைந்து துருவேறின என்பது அந்நாடுகளில் பரவலான குறைப்பாடு. பின்னிருக்கை நெருக்கம், சாலை இரைச்சல் உள்ளே கேட்கிறது என்பனவும் அடிக்கடி காதில் விழுவன. ஆனால் உடையோரிடமே கேட்டுத் தொகுக்கும் அமெரிக்க இதழாகிய 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' 2020ஆம் ஆண்டுக் கணிப்பில், பழுதின்மையில் டொயோட்டாவையும் லெக்சஸையும் முந்தி மாஸ்டாவுக்கு முதலிடம் அளித்தது. நூறாம் ஆண்டு நிறைந்த வேளையில் கிடைத்த பரிசு எனலாம்.

'ஆர்.எக்ஸ்.-8' 2012இல் நின்றதும் சுழல் எஞ்சின் செத்தது என்றே பலரும் எழுதினர். 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது, ஆனால் வேறு வேடத்தில். 'எம்.எக்ஸ்.-30' எனும் மின்சாரக் காரின் முன்புறத்தில், ஒரே முக்கோணம் கொண்ட சிறிய எஞ்சின் மின்னாக்கியாக அமர்ந்து பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. சக்கரங்களை அது நேரே சுழற்றுவதில்லை. பழைய அன்பர்கள் இதனைப் பாதி மகிழ்ச்சியோடுதான் வரவேற்றனர்; கையில் உணர முடியாத எஞ்சின் எதற்கு என்பது அவர்களின் முணுமுணுப்பு. 2024 பிப்ரவரியில் சுழல் எஞ்சினுக்கென்று தனிப்பிரிவு ஒன்றை நிறுவனம் மீண்டும் அமைத்தது. இம்முறை அதில் அமர்த்தப்பட்ட பொறியாளர் 36 பேர்.