வாப்பாவின் கெமராவை விற்கும் முன்

வாப்பா வபாத்தான பின் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது அவரது கெனொன் ஏஈ-1 கெமரா கிடைத்தது. பட்டனை அழுத்தினேன், அசையவில்லை. பழைய சாமான் வாங்குபவர் பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்து ஒரு விலை சொன்னார். கொடுக்க மனம் வரவில்லை. விசாரித்து அறிந்ததை, இப்படியொரு கெமரா வீட்டில் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

1976இல் வெளிவந்த இந்தக் கெமரா 6 வோல்ட் பெட்டரி இல்லாமல் இயங்காது. புதிய பெட்டரி போட்டதும் வாப்பாவின் கெமரா "டிக்" என்றது. "பழுது" என்று ஒதுக்கியது பழுதே அல்ல.

அடுத்து, லென்ஸைத் தனியாக மதிப்பிடுங்கள். கெனொன் 1987இல் லென்ஸ் பொருத்தும் முறையை மாற்றியதால் பழைய எஃப்டி லென்ஸ்கள் அதன் புதிய கெமராக்களுக்கு நேரடியாகப் பொருந்தாமல் போயின. இன்றைய மிரர்லெஸ் கெமராக்களில் ஒரு அடாப்டர் போட்டால் பொருந்துகின்றன. அதனால்தான் அவற்றுக்கு மீண்டும் கிராக்கி.

மதிப்பைக் கெடுப்பது பூஞ்சணம். நமது ஈரக் காற்றில், தோல் உறைக்குள் மூடி வைத்த லென்ஸில் இது எளிதில் பிடிக்கும். டோர்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல் தெரியும். முற்றினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், துடைத்தாலும் தழும்பு போகாது.

வாப்பாவின் லென்ஸிலும் ஓரத்தில் இருந்தது. வாங்க வந்தவர் கவனிக்கவில்லை. நானே டோர்ச் அடித்துக் காட்டினேன். விலையைக் குறைத்தார். அப்படியும் பித்தளையோடு போயிருந்தால் கிடைத்திருக்கும் காசை விட அதிகம்தான்.