சிறுநீரக நோயாளிக்கு பிரஷர் எவ்வளவு இருக்கலாம்?

நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியாவிட்டால் 140/90, கசிந்தால் 130/80. 2012-ல் கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக மருத்துவ அமைப்பு சொன்ன வரம்பு இது. 2021-ல் அதே அமைப்பு, மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவரலாம் என்றது.

இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம், அமெரிக்காவில் நடந்து 2015-ல் முடிவு வெளியான ஸ்பிரின்ட் ஆய்வு. பங்கேற்ற 9,361 பேரில் கால்வாசிக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. 120-ஐ இலக்காக வைத்தவர்களில், 140-ஐ இலக்காக வைத்தவர்களைவிட இறப்பு சுமார் 27 சதவீதம் குறைந்தது. ஆனால், சிறுநீரகம் பழுதாகும் வேகம் குறையவில்லை. லாபம் இதயத்துக்கும் ஆயுளுக்கும்தான். அதுவே பெரிய லாபம். சிறுநீரக நோயாளிகளில் பலரை டயாலிசிஸ் கட்டத்துக்கு முன்பே மாரடைப்பு கொண்டுபோய்விடுகிறது.

சர்க்கரை நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. நம் ஊர்ச் சிறுநீரக நோயாளிகளில் சர்க்கரை உள்ளவர்களே ஏராளம் என்பதால், 120 எல்லோருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எழுந்து நின்றால் தலைசுற்றும் முதியவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

இன்னொன்று, அந்த ஆய்வில் பிரஷரை அளந்த விதம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கை இதய உயரத்தில் இருக்க, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தார்கள். பிறகு தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். இங்கே பல இடங்களில் மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்கும் முன்பே சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். அந்த அளவு பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும். எவ்வளவு கூடும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால் கழித்துக் கணக்கிடவும் வழியில்லை. அதை வைத்து 120-ஐத் துரத்தினால் மாத்திரை மிகுந்து, மயங்கி விழ நேரிடும்.

ஆல்புமின் கசிபவர்களுக்குத் தரப்படும் டெல்மிசார்ட்டான், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளைத் தொடங்கியதும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் ஏறலாம். நான்கு வாரத்துக்குள் 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து நீங்களாகவே மாத்திரையை விட்டுவிடாதீர்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும்; ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அடுத்த முறை பிரஷர் பார்க்கும்போது, ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று தயங்காமல் கேளுங்கள். உங்கள் இலக்கு எவ்வளவு என்பதையும் மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் குறித்து வாங்குங்கள்.