தோட்டத்து மண்மேடுகள்: கோஃபர் பெருகும் விதம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பலருக்கு ஓர் அனுபவம் உண்டு. முந்தின நாள் மாலை சமமாக இருந்த புல்தரையில் மறுநாட் காலை பிறை வடிவமான புதிய மண்மேடுகள் எழுந்திருக்கும். சில நாட்களில் அவை பல மடங்காகிவிடும். பெருங்கூட்டமே படையெடுத்துவிட்டதென வீட்டுக்காரர் அஞ்சுவார். ஆனால் பெரும்பாலும் அவை அனைத்தும் ஒரே பிராணியின் வேலையாகவே இருக்கும். கோஃபர் என்னும் அப்பிராணி ஒரே நாளில் பல மேடுகளை எழுப்ப வல்லது.

நம் நாட்டில் இப்பிராணி இல்லை. ஆகவே தமிழில் இதற்குப் பெயரும் இல்லை. கன்னங்களின் வெளிப்புறத்தில் உரோமம் படர்ந்த இரு பைகள் அமைந்திருப்பதால், இதனைக் கன்னப்பை எலி எனலாம். வேர்களையும் கிழங்குகளையும் இப்பைகளில் அடைத்து வளைக்குக் கொண்டுசெல்கிறது. முன்பற்களுக்குப் பின்னால் உதடுகள் மூடிக்கொள்வதால், மண்ணை விழுங்காமலே பற்களால் தோண்ட முடிகிறது. உணவு தேடும் சுரங்கங்கள் 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடுகின்றன. கூடு 2 மீட்டர் ஆழம் வரையிலும் இருப்பதுண்டு.

எலியினத்தின் பெருக்கத்தைப் பற்றி நாம் கேட்டறிந்த கணக்கு இதற்குப் பொருந்தாது. சுண்டெலி பிறந்து இரண்டு மாதங்களுக்குள் குட்டி போடும் பருவத்தை எய்துகிறது. கலிபோர்னியாவில் மிகுதியாக உள்ள கோஃபர் இனத்திற்கோ ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. அதன் ஆயுளும் சுமார் மூன்று ஆண்டுகளே. மழையை மட்டும் நம்பியுள்ள நிலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, 5 அல்லது 6 குட்டிகளை ஈனும். ஆனால் பாசன வசதியுள்ள இடங்களில் ஆண்டுக்கு மூன்று முறை வரை ஈனக்கூடும். பசுமை மாறாத புல்தரைக்காக மனிதன் நாள்தோறும் ஊற்றும் நீரே, அவன் வெறுக்கும் பிராணிக்கு ஆண்டு முழுவதும் விருந்தளிக்கிறது.

இனச்சேர்க்கைக் காலத்தையும் குட்டி வளர்க்கும் காலத்தையும் தவிர, கோஃபர் தனித்தே வாழ்கிறது. ஆகவே வளர்ந்த குட்டிகள் தாயின் வளையை விட்டு வெளியேறித் தமக்கென இடம் தேட நேர்கிறது. தரைமேல் செல்கையில் பல ஆந்தைகளுக்கும் பாம்புகளுக்கும் இரையாகின்றன. எஞ்சியவை பக்கத்துத் தோட்டங்களில் குடியேறுகின்றன. ஒரு கோஃபரைப் பொறிவைத்துப் பிடித்தபின், காலியான சுரங்கத்தில் அண்டையிலுள்ள மற்றொன்று விரைவில் புகுந்துகொள்வதும் இதனாலேயே. உணவு மிகுந்த குதிரைமசால் வயல்களில் ஏக்கருக்கு 60-க்கும் மேற்பட்டவை வாழ்வதுண்டு.

இதனால் விளையும் சேதம் சிறிதன்று. பழமரங்களின் வேர்கள் அரிக்கப்படுகின்றன. நிலத்தடி நீர்க்குழாய்கள் கடிபடுகின்றன. வாய்க்கால் கரைகள் உடைகின்றன. எனினும் இதனை முழுப் பகையாகக் கருதுவதும் பிழையாகும். 1980-ஆம் ஆண்டில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது, மண்ணுக்குள் இருந்த கோஃபர்கள் பல உயிர் தப்பின. சாம்பலுக்கு அடியிலிருந்த வளமான மண்ணை அவை மேலே கொணர்ந்தமையால் தாவரங்கள் மீண்டும் தழைக்க வழியேற்பட்டது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. தெலுங்கின் பந்திக்கொக்கு என்னும் சொல்லே ஆங்கிலத்தில் பெருச்சாளியின் பெயராயிற்று. அத்தகைய பிராணி நம் வீட்டோரங்களையும் குடைகிறது. ஒருவர் மட்டும் தம் தோட்டத்து வளையை அடைத்தால் பக்கத்து வீட்டிலிருந்து வேறொன்று வரும். தெருவார் அனைவரும் ஒரே காலத்தில் முயல வேண்டும். நஞ்சை அஜாக்கிரதையாக வைப்பதோ, நமக்காக இரவெல்லாம் வேட்டையாடும் கூகைக்கும் கேடாக முடியும்.