சந்தைக்குச் சாதி தெரியாதா?

'வேலை தேடி அலையாதே, வேலை கொடுப்பவனாக மாறு. கையில் செல்போன் இருக்கிறது, உன்னை நீயே விளம்பரப்படுத்திக்கொள். சந்தை யாரிடமும் சாதி கேட்பதில்லை.' தொழில் பயிற்சி முகாம்களில் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை வார்த்தை என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரொட்டி வாங்குகிறவருக்கு அந்தக் கோதுமையை விளைவித்தவர் கறுப்பரா வெள்ளையரா என்று தெரியாது என்பது அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரைட்மன் 1962-ல் வைத்த வாதம். பாகுபாடு பார்க்கும் முதலாளிக்கு நட்டம்தான் வரும், எனவே போட்டி வளர வளர பாகுபாடு தேயும் என்பது அந்தச் சிந்தனைப் பள்ளியின் நம்பிக்கை. 1991-க்குப் பிறகு நம்மவர்களிலும் சிலர் இதை ஏற்றார்கள். எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 'தலித் முதலாளித்துவம்' பேசினார். மிலிந்த் காம்ப்ளே 2005-ல் புனேயில் தலித் இந்திய வர்த்தக தொழில் சபையைத் (டிக்கி) தொடங்கினார். நலிந்துகிடந்த காமானி டியூப்ஸ் ஆலையை மீட்டெடுத்த கல்பனா சரோஜுக்கு 2013-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. பண்ணையாரின் களத்தில் நெல்லுக்கு நின்ற தலைமுறைக்கு, வெளியூர் கம்பெனியில் ரொக்கக் கூலி கிடைத்தது விடுதலையின் ஒரு பகுதிதான். ஆனால் ஃபிரைட்மனின் கோதுமைக்கு முகவரி கிடையாது. நாம் வைக்கும் டீக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் முகவரி உண்டு. 'எந்தத் தெரு?' என்ற ஒரு கேள்வி போதும், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அண்ணலுக்கே நடந்தது

1917-ல் லண்டனிலிருந்து திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பம்பாயில் பங்குச் சந்தை ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தவர் அவர். அந்தத் தொழிலுக்கு அவரைவிடத் தகுதியான ஆள் அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆலோசனை சொல்பவர் மகர் சாதிக்காரர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று.

1920 ஜனவரி 31 அன்று அவர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, அதற்கான விளம்பரத்தைக் காசு கொடுத்தாலும் வெளியிட மாட்டோம் என்று 'கேசரி' மறுத்தது. விளம்பரக் காசைக்கூட வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குச் சாதி சந்தைக்குள் இருந்தது.

ஆகவே நம்மை நாமே எடுத்துச் சொல்வது தற்பெருமை ஆகாது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் வைத்து இதழ் நடத்தினார். 1907-ல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அன்றைய புதிய தொழில்நுட்பமான அச்சை நம் முன்னோர்கள் கையில் எடுத்தது, பிறர் மறைத்த பெயரைத் தாமே உரக்கச் சொல்வதற்காகத்தான்.

செல்போன் எதை மாற்றும்?

இன்றைக்கு அந்த இடத்தில் செல்போன் இருக்கிறது. வெளியூருக்கு அனுப்பும் துணிக்கும் தோல் பைக்கும் யாரும் தெரு கேட்பதில்லை. அந்த வழியை நம் இளைஞர்கள் விடக் கூடாது. ஆனால் பெயர் தெரிகிற இடத்தில் கதை வேறு. சுகாதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது.

அடுத்தது முதல். வங்கியில் ஈடு கேட்டால் காட்ட நம்மிடம் நிலம் எங்கே? 1892-ல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயின. தாத்தன் நிலத்தை வைத்துக் கடை போட்டவனையும் வெறுங்கையோடு வந்தவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொல்வதைச் சுதந்திரப் போட்டி என்று நாம் ஏற்க முடியாது.

அதனால்தான் அரசின் கை தேவைப்படுகிறது. தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் ரூ.1.5 கோடி வரை உண்டு. வட்டியில் 6 சதவீதச் சலுகையும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்பது 2012-ல் வந்த ஆணை. அதற்கு உத்யம் பதிவு அவசியம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. புரோக்கருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

நாம் கேட்பதும் அதிகமில்லை. மாவட்டத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த வங்கிக் கிளை எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியது, என்ன காரணம் சொன்னது என்பதை மாவட்ட நிர்வாகம் மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சந்தைக்குச் சாதி தெரியுமா தெரியாதா என்பதற்கு அந்தப் பட்டியலே பதில் சொல்லும்.