ஒஷ்கோஷில் மாணவ விமானிகள்

அமெரிக்காவின் ஒஷ்கோஷ் நகரில் யூலை இறுதியில் கூடும் விமானக் கண்காட்சிக்குச் சுமார் 10,000 விமானங்கள் வந்திறங்குகின்றன. மறைப்பணி விமானப் பயிற்சி பெறும் மாணவர்களும் அங்கு செல்வதுண்டு. வானத்துச் சாகசங்களை யாவரும் அண்ணாந்து பார்ப்பர், அதில் குற்றமில்லை. ஆனால் நாம் அவர்களுக்குக் காட்ட விரும்புவது 2007இல் சான்றிதழ் பெற்ற கோடியாக் விமானத்தையே. 1,000 அடிக்கும் குறைந்த ஓட்டத்தில் மேலெழுந்துவிடும். பழைய சிறு விமானங்களுக்கான பெற்றோல் பின்தங்கிய நாடுகளில் அரிது, விலையும் அதிகம். கோடியாக்கிற்கோ மண்ணெண்ணெய் வகை ஜெட் எரிபொருள் போதும். மலைக்கிராமத்து நோயாளியின் உயிர் எரிபொருள் பீப்பாவிலும் தங்கியிருக்கிறதல்லவா? இம்மாணவர்களிற் பலர் பறப்பதோடு இயந்திரம் திருத்தவும் பயில்கிறார்கள். அவர்கள் போய் இறங்கும் புற்றரையில் வேறு மெக்கானிக் இருக்கமாட்டார்.