பத்து நிமிடம்

கால இயந்திரத்தில் ஏறி ஒரு பழைய கல்யாணத்துக்குப் போகலாம், வருகிறீர்களா? 1916 மே மாதம், டப்ளின் நகரின் கில்மைனம் சிறை. மாப்பிள்ளை ஜோசப் பிளங்கெட், அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவர். விடிந்தால் மரண தண்டனை! மணமகள் கிரேஸ் கிஃபோர்ட், கேலிச்சித்திரக்காரர். மோதிரத்தைக் கடையில் தானே வாங்கி வந்தார், பாவம். கல்யாணத்துக்குச் சாட்சி, சிப்பாய்கள். அப்புறம் இருவரும் பேசக் கிடைத்தது பத்தே நிமிடம், அதுவும் காவலர்கள் சூழ.

இருங்கள், கதை இன்னும் இருக்கிறது. ஏழு வருடம் கழித்து, அயர்லாந்தின் உள்நாட்டுப் போரின்போது, அதே சிறையில் கிரேஸே கைதி! அறைச் சுவரில் மாதாவையும் குழந்தையையும் வரைந்தார். சிறை இப்போது அருங்காட்சியகம். அந்த ஓவியத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள்.